மூல நோய்: விடியற்காலையில் உங்களுக்கென்று ஒரு கால் மணி நேரம்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 43. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறேன். இரண்டாவது பிரசவத்தின்போது மூலம் வந்து தானாக அடங்கிவிட்டது. இப்போது மூன்று மாதமாக மலம் கழிக்கும்போது வலியில்லாமல் இரத்தம் சொட்டுகிறது. சதை போல ஒன்று வெளியே வந்து, எழுந்ததும் தானாக உள்ளே போய்விடுகிறது. வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். காலையில் எல்லோருக்கும் அவசரம். உடம்புச் சூடு என்று சொல்லி, கோழிக்கறியை நிறுத்திவிட்டுக் கருணைக்கிழங்கு சாப்பிடச் சொல்கிறார் மாமியார். இரத்தச்சோகைக்குக் கொடுத்த மாத்திரையால் மலம் இன்னும் இறுகுகிறது. ஒரே ஊசியில் மூலம் குணமாகும் என்று சுவரொட்டி பார்த்தேன். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோழிக்கறியையும் கருணைக்கிழங்கையும் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகளையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்பது ஒன்று. கழிப்பறைக்குக் காலையில் வரிசை என்பது மற்றொன்று. உங்கள் நோயின் வேர் பெரும்பாலும் அவ்விரண்டு வரிகளிலும் இருக்கிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய மருத்துவமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பால் உங்களுக்கு நிச்சயம் பயன் உண்டு. அதோடு, ஒரே ஒருமுறை நேரில் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைத்த ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. வாயுவையும் மலத்தையும் கசியவிடாமல் அடைத்துப் பிடிக்க அவை உதவுகின்றன. இறுகிய மலம் ஒவ்வொரு நாளும் அவற்றை உரசிக்கொண்டு இறங்கும்போதும், மூச்சைப் பிடித்து நெடுநேரம் முக்கும்போதும் அந்த மெத்தைகள் இரத்தம் தேங்கி வீங்குகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் இழைகள் தளர்ந்து கீழே இறங்குகின்றன. கருவுற்ற காலத்தில் கருப்பையின் அழுத்தமும் மலச்சிக்கலும் சேர்ந்து இதே நிலையை உண்டாக்குவதால்தான் உங்களுக்கு முதன்முதலில் பிரசவத்தையொட்டி வந்தது. உட்புற மெத்தைகள் இருக்கும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. எனவே உள்மூலத்தில் சிவந்த இரத்தம் வலியின்றிச் சொட்டும். வெளியே வந்து தானாக உள்ளே போகும் நிலையை மருத்துவர்கள் இரண்டாம் நிலை என்பார்கள். நீங்கள் எழுதியபடியே இருக்குமானால், அறுவை சிகிச்சையின்றி அடங்குவதற்கு நல்ல வாய்ப்புள்ள நிலை இது.

இனி அந்த இரண்டு வரிகளுக்கு வருகிறேன். மலம் மலக்குடலுக்குள் இறங்கியதும் உடல் ஓர் உந்துதலைத் தருகிறது. அந்த உந்துதல் சில நிமிடங்களே நீடிக்கும். கழிப்பறைக்குள் மாமனாரோ பிள்ளைகளோ இருக்கிறார்கள் என்று அதை அடக்கினால் உந்துதல் தணிந்துவிடும். மலம் அங்கேயே தங்கும். பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீங்களும் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வியர்வை சிந்துவதால், உடல் அந்த நீரையும் விடாமல் எடுத்துக்கொள்கிறது. மாலையில் வீடு திரும்பி உட்காரும்போது, காலையில் இளகியிருந்த மலம் கட்டியாகியிருக்கும். இப்படி மாதக்கணக்கில் அடக்கினால் மலக்குடல் நிறைந்திருப்பதை உணரும் திறனே மங்கி, உந்துதல் வருவதும் குறைந்துபோகும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்கும் ஆண்டுகளில், குறுவை நடவு மும்முரமாகும்போது இந்தப் புகாருடன் வரும் பெண்களின் எண்ணிக்கை கூடுவதை என் புறநோயாளிப் பிரிவில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் உணவைப் பற்றியே கேட்பார்கள். நேரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஆகவே நான் முதலில் எழுதித் தரும் மருந்து, விடியற்காலையில் கழிப்பறை உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு கால் மணி நேரம். சமைத்துவிட்டுத் தூக்குச் சட்டியுடன் கிளம்புவதற்காக நான்கு மணிக்கே எழுகிறீர்கள் என்றால், எழுந்தவுடன் இரண்டு குவளை தண்ணீர் குடியுங்கள். பிறகு சூடாகக் காப்பியோ கஞ்சியோ ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போகட்டும். இரைப்பைக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாகவே அசைந்து கொடுப்பது உடலின் இயல்பு. அந்த அசைவு காலையில்தான் வலுவாக இருக்கும். அடுத்த அரை மணிக்குள் உந்துதல் வந்துவிட்டால், உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்விடுங்கள். வராத நாளில் போய் உட்கார்ந்து முக்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் வாய்ப்புக் கொடுத்துவந்தால் சில வாரங்களில் குடலுக்கு அந்த நேரம் பழகிவிடும்.

உட்கார்ந்த பின்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. குந்தி உட்காரும் கழிப்பறையாக இருந்தால் அது நல்லதே. அந்த நிலையில் மலக்குடலின் வளைவு நேராகி, மலம் இறங்குவது எளிதாகிறது. ஆனால் குந்தியபடியே நெடுநேரம் முக்கினால் அந்த நன்மை முழுவதும் போய்விடும். முழங்கால் வலியால் நாற்காலிக் கழிப்பறையைப் பயன்படுத்தும் பெரியவர்கள், பாதத்தின் கீழ் அரையடி உயரத்தில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு சற்று முன்னால் சாய்ந்து உட்காரலாம். மூச்சைப் பிடித்து முக்காமல், வாயைச் சற்றுத் திறந்து மூச்சை வெளியே விட்டபடி வயிற்றைத் தளர்த்துங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிட்டு, அடுத்த உந்துதலின்போது போகலாம். வயலில் நனைந்த நாற்றுக்கட்டைத் தூக்கும்போதும் இதே முறைதான்: முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

வயலில் தண்ணீர் குடிக்காமலிருப்பதைப் பற்றி அறிவுரை கூறுவது எனக்கு எளிது. ஒதுங்க இடமில்லாத உங்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும். எனவே நடைமுறையில் முடிந்ததைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் குடித்து முடித்து, சிறுநீர் கழித்துவிட்டுப் புறப்படுங்கள். வயலில் ஒரே மூச்சில் செம்பு நிறையக் குடிப்பதற்குப் பதிலாக, கரையேறும்போதெல்லாம் நீர்மோரோ நீராகாரமோ சில மிடறுகள் குடியுங்கள். வியர்க்கும் உடலுக்கு அது பெரும்பாலும் வியர்வையாகவே போய்விடும். நடவுக் குழுவில் நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பீர்கள். மோட்டார் கொட்டகையின் பின்புறம் ஒரு தட்டி மறைப்பு வைத்துத் தருமாறு நில உரிமையாளரிடம் எல்லோரும் சேர்ந்து கேட்பது நியாயமான கோரிக்கை. சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீர் குடிக்காததாலும் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும் என்பதால், இது உங்கள் ஒருவருக்கான ஏற்பாடு மட்டுமன்று. மாலையில் திரும்பியதும் விட்டுப்போன தண்ணீரை ஈடுசெய்யுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் குடித்த நீர் போதும். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் போதாது.

இனி உணவு. நம் பகுதி நெல் விளையும் பூமி. இலையில் சோறு குவிவதும், அதன் ஓரத்தில் காய் ஒட்டிக்கொண்டிருப்பதும் நம் வழக்கம். தீட்டிய வெள்ளைச் சோறு நூறு கிராமில் நார்ச்சத்து ஒரு கிராமைக்கூட எட்டாது. பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். மூன்று வேளையும் சோறே சாப்பிட்டாலும் அதிலிருந்து கிடைப்பது நான்கைந்து கிராம்தான். மீதியைச் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள்களிலிருந்துதான் பெற வேண்டும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரவயலில் தெளிக்கும் பயறும் உளுந்தும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே விளைகின்றன. வேகவைத்த பச்சைப்பயறு நூறு கிராமில் ஏழு கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது. பங்குனியில் பயறு எடுக்கப் போகும் வீடுகளில்கூட அதைச் சுண்டலாகவோ கஞ்சியாகவோ வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் சாப்பிடுவதில்லை என்பது எனக்கு ஓயாத வியப்பு. ஒரு கொய்யாப்பழம் ஐந்து கிராம் அளவுக்குத் தரும். இரண்டு பூவன் பழம், ஒரு கை கீரை, வாழைத்தண்டுப் பொரியல், அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை என்று கொல்லையிலும் வேலியிலும் இருப்பவையே போதும். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைக் காயும் பயறும் நிரப்பட்டும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய அரிசியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தவிட்டோடு இருந்தால் நல்லது, ஆலையில் கொடுத்துப் பளபளவென்று தீட்டி வாங்கினால் பெயர் மட்டுமே மிஞ்சும். இவை அனைத்தையும் ஒரே நாளில் கூட்டிவிடாதீர்கள். வயிறு உப்பி, வாயு தொல்லை கொடுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் உடன் கூட்டுங்கள். தண்ணீரில்லாத நார்ச்சத்து மலத்தை இன்னும் அடைத்துவிடும்.

உங்கள் மாமியார் சொல்லும் கருணைக்கிழங்கு நம் சித்த மருத்துவத்தில் மூலத்துக்கென்றே பெயர்பெற்றது, லேகியமாகவும் கொடுப்பார்கள். நாவில் அரிப்பு வராதபடி புளி சேர்த்து நன்றாக வேகவைத்து, எண்ணெயில் பொரிக்காமல் மசியலாகச் சாப்பிட்டால் நார்ச்சத்துள்ள நல்ல உணவு. தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை மட்டும் உண்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடவுக்குப் போனால் அது உங்களைக் காப்பாற்றாது. கோழிக்கறி உடம்புச் சூட்டைக் கிளப்பி மூலத்தை உண்டாக்குவதில்லை. இருந்தாலும் மாமியார் பார்த்ததில் ஓர் உண்மை இருக்கிறது: கறி சமைக்கும் நாளில் பெரும்பாலான வீடுகளில் காயும் கீரையும் இலைக்கு வருவதில்லை, மறுநாள் மலம் இறுகுகிறது, பழி கோழியின் மேல் விழுகிறது. இரத்தச்சோகை உள்ள உங்களுக்குக் கறியும் முட்டையும் தேவையானவை; கீரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். காரம் மூலத்தை உண்டாக்குவதில்லை. எரிச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் மிளகாயைக் குறைத்துக்கொள்ளலாம்.

உணவால் மட்டும் மலம் இளகாவிட்டால், மருந்துக் கடைகளில் கிடைக்கும் இசப்கோல் உமி பாதுகாப்பானது. படுக்கப் போகும் முன் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி இரண்டு வரை, ஒரு குவளை நிறையத் தண்ணீரில் கலந்து, கூழாவதற்குள் குடித்துவிட வேண்டும். பின்னால் இன்னொரு குவளை தண்ணீரும் வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். மூலத்தில் இரத்தப்போக்கைக் குறைப்பதில் நார்ச்சத்தின் பலன் ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம். நான்கு நாளில் நிறுத்திவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்களே அதிகம். பேதி மாத்திரையை அடிக்கடி போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

உங்கள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் போவதால் சோகை, சோகைக்கு மாத்திரை, மாத்திரையால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் மறுபடி இரத்தம் என்று இது ஒரு செக்குச் சுற்று. மாத்திரையை விட்டால் சுற்று நிற்காது, சோகைதான் கூடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாலும் உடல் இரும்பை நன்றாக ஏற்கும், மலச்சிக்கலும் குறையும் என்பதால், அப்படி மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காப்பி, தேநீருடன் அதை விழுங்காதீர்கள்; எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் நல்லது. இந்த மாத்திரையால் மலம் கறுத்துப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்துடன் போனால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.

எரிச்சலும் அரிப்பும் வீக்கமும் இருக்கும் நாட்களில் வெந்நீரில் உட்காருவதுபோல் ஆறுதல் தருவது வேறில்லை. அகலமான பிளாஸ்டிக் பேசினில், முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, இடுப்பு நனையும்படி பத்து முதல் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மலம் கழித்த பிறகு ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை போதும். உப்போ, மஞ்சளோ, கிருமிநாசினியோ சேர்க்க வேண்டியதில்லை. வெறும் தண்ணீரே வேலை செய்யும். கழுவும்போது சோப்பைத் தவிர்த்து, பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நடவு நாட்களில் நனைந்த உடையோடு வெகுநேரம் இருப்பதாலும் அரிப்பு கூடும். வீடு வந்ததும் உலர்ந்த உடைக்கு மாறுங்கள். சதை வெளியே வந்து தானாக உள்ளே போகாத நாளில், பக்கவாட்டில் படுத்து, எண்ணெய் தடவிய சுத்தமான விரலால் மெதுவாக உள்ளே தள்ளலாம். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளையும் ஒரு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள்; ஸ்டீராய்டால் அங்குள்ள தோல் மெலிந்துவிடும்.

பரிசோதனை ஏன் வேண்டும் என்று கேட்கலாம். ஆசனவாயில் இரத்தம் வந்தால் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மூலம் என்றே பெயர். கண்ணாடித் துண்டால் கீறியது போன்ற வலியுடன் இரத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. சீழ் கசிந்தால் பௌத்திரம். மலக்குடலில் வளரும் புற்றுநோய்க் கட்டியும் தொடக்கத்தில் வலியில்லாமல் இரத்தத்தையே காட்டும். ஆண்டுக்கணக்கில் மூலத்துக்கு லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பின், என் விரலுக்குக் கட்டியாகத் தட்டுப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர், மூன்று மாதமாக இரத்தம் போகிறது, சோகையும் இருக்கிறது. எனவே அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கு ஒருமுறை போங்கள். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சீட்டுப் பதியும்போதே கேட்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண் மருத்துவரே இருந்தாலும், உடன் பெண் செவிலியர் நிற்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, துணியால் மூடி, விரலாலும் சிறு குழாய்க் கருவியாலும் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஹீமோகுளோபின் அளவும் பார்ப்பார்கள். கருவுறாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. தேவைப்பட்டால் பெருங்குடல் முழுவதையும் உள்நோக்கிக் கருவியால் பார்க்கச் சொல்லலாம். அதற்கும் அஞ்ச வேண்டாம்.

சுவரொட்டி ஊசியைப் பற்றி: ஊசி என்ற சிகிச்சை பொய்யன்று. பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்கள் உள்மூலத்தைச் சுருக்கும் ஊசியும் போடுகிறார்கள். அடியில் ரப்பர் வளையம் மாட்டி அதை உதிரவும் செய்கிறார்கள். முறைப்படி பயின்ற ஆயுர்வேத மருத்துவர்கள் பௌத்திரத்துக்குக் காரநூல் என்னும் மருந்து பூசிய நூலைக் கட்டுகிறார்கள். சுவரொட்டிக்காரரிடம் நான் அஞ்சுவது, இன்ன நோய் என்று பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே மருந்தைச் செலுத்துவதைத்தான். அவர் செலுத்துவது என்னவென்று யாருக்கும் தெரியாது. அரிக்கும் திரவம் தவறான இடத்தில் இறங்கினால் சதை அழுகும், ஆசனவாய் சுருங்கி மலமே இறங்காமல் போகும், அல்லது அடக்கும் தசை பழுதாகி மலம் கசியும். பிறகு அதைச் சரிசெய்வது மூலத்தைச் சரிசெய்வதைவிடப் பலமடங்கு கடினம்.

இரத்தம் நில்லாமல் கொட்டினாலும், கட்டி கட்டியாகப் போனாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி மயக்கம் வந்தாலும், வெளியே வந்த சதை உள்ளே போகாமல் வீங்கி வலித்தாலும், வலியோடு காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆசனவாய் ஓரத்தில் திடீரென நீலநிறக் கட்டி தோன்றிக் கடுமையாக வலித்தால் அது வெளிமூலத்தில் உறைந்த இரத்தம். முதல் மூன்று நாளுக்குள் காட்டினால் சிறு கீறலில் வலியைத் தீர்க்க முடியும். உடல் மெலிந்தாலும், மலம் போகும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், நெருங்கிய உறவில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இந்தப் பதிலை உங்கள் கணவரும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். காலையில் கழிப்பறைக்குள் கைப்பேசியோடு போகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அவருக்கும் சில ஆண்டுகளில் இதே நோய் வர வாய்ப்புண்டு என்பதோடு, அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் உங்களுடையது. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், யாராவது கொடுத்த லேகியம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் எந்தெந்த நாளில் போனது என்று நாட்காட்டியில் குறித்து அதையும் காட்டுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த நாட்காட்டிக் குறிப்பை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.